துப்பட்டா வேன்

பத்தொன்பது வயது இந்துஜாவுக்குச் சிறப்புப் பள்ளியின் வேனில் போய் இறங்கினால்தான் இட்லி இறங்கும். ஊரடங்கில் வேன் நின்றது. இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அவள் அம்மா தமயந்தியே வேனானாள். முன்னால் அம்மா, துப்பட்டா நுனியைப் பிடித்தபடி பின்னால் மகள். தெருவைச் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைந்தால் அதுதான் பள்ளி. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மேட்டில் கியர் மாற்றும் உறுமல் வேண்டும். பால் பூத்தில், வழக்கமாக அங்கே வேன் ஏறும், இப்போது வராத பரணிக்காக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து புறப்பட வேண்டும்.

அன்று தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி மறித்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"ஸ்கூலுக்கு சார்."

"அதான் மூடியாச்சே."

"வேன் மட்டும் ஓடுது சார்," என்றாள் தமயந்தி.

அவர் வேனைத் தேடினார். "பேசாம வீட்டுக்குத் திரும்புங்க."

தமயந்தி சட்டென்று திரும்பினாள். துப்பட்டா கழுத்தை இழுத்தது. இந்துஜா அசையவில்லை. குறுகிய தெருவில் வேன் அப்படித் திரும்பாது. வேனில் வரும் ஆயா இறங்கிப் பின்னால் நின்று கைகாட்ட, முன்னும் பின்னுமாகத்தான் திரும்பும்.

"நீங்க சொல்லுங்க மாமா," என்றாள் இந்துஜா அவரிடம். "இல்லாட்டி சுவத்துல இடிச்சிரும்."

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தமயந்திக்குப் பின்னால் போய் நின்றார்.

"வரலாம், வரலாம்," என்றார் மெல்ல. "லெஃப்ட்ல ஒடிங்கம்மா. போதும், ரைட்."

வேன் திரும்பி நின்றது. ஆனால் புறப்படவில்லை. இந்துஜா துப்பட்டாவின் இன்னொரு நுனியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஏறுங்க மாமா. இட்லி ஆறுது."