பாதிப் பொருத்தம்

“தரமாட்டேன்” என்று சொல்வதற்காகவே ஜெய்னப் அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

அண்ணன் ஹிதாயத்துல்லாவுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுடைய எலும்பு மஜ்ஜை பொருந்தும் என்று இன்றைக்கு ரிப்போர்ட் வந்தால், அவன் கெஞ்சுவான். அவன் முகத்தைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பின்னே என்ன? சுனாமி வந்த வருஷம் அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், ஜமாத்தில் நின்று இந்த அண்ணன்தான் சொன்னான்: “இவ எடுத்து வளர்த்த பொண்ணு. அத்தா வூட்ல பங்கு கெடையாது.”

இஸ்லாமியச் சட்டப்படி எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோதே பம்பாயிலிருந்து வந்துவிட்ட குடும்பம் அது; அவன் சொன்னது பொய் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. சொல்ல வேண்டிய அம்மாவோ வாயைத் திறக்கவே இல்லை. பெற்ற வயிறா அது என்று ஜெய்னபுக்கு இன்றும் எரிந்தது.

போன வாரம் டாக்டர் சாலமோன் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“முன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லம்மா. புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, ஆனா ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும். உங்க அண்ணனுக்கு அது இல்ல. தங்கச்சி மஜ்ஜை பொருந்துதான்னு பாக்கலாம். இல்லன்னா அம்மாவோடது. பெத்தவங்க ஜீன்ல பாதி புள்ளைக்கு இருந்தே தீரும். பாதி பொருந்தினாலும் முயற்சி பண்ணலாம்.”

அம்மா கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். ஊசிக்குப் பயந்த பிள்ளையைப் போல அவளைச் சமாதானப்படுத்தித்தான் நர்ஸ் ரத்தம் எடுத்தாள்.

இன்று டாக்டர் காகிதங்களுடன் வந்து உட்கார்ந்தார். “சாரி. ஜெய்னபோடது பொருந்தல.”

“பாத்தீங்களா? இவ எங்க ரத்தமே இல்ல!” என்றான் ஹிதாயத்துல்லா. உடம்பு பாதியாக இளைத்தும் வாய் மட்டும் இளைக்கவில்லை.

“அப்படி இல்ல சார். கூடப் பொறந்தவங்கள்லயே நாலுல ஒருத்தருக்குத்தான் முழுசா பொருந்தும். அம்மா ஜீன்ல பாதி இவங்களுக்கு அப்படியே இருக்கு. இவங்க அம்மா பெத்த பொண்ணுதான்.”

ஜெய்னப் துள்ளி எழுந்தாள். “வா, இப்பவே ஜமாத்துக்கு வா! உன் வாயாலயே இத சொல்லு!”

“அத அப்புறம் பாத்துக்கலாம்” என்று அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். “பாதி போதும்னீங்களே, டாக்டர்? அம்மா குடுக்கட்டும்.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார்.

“இன்னாம்மா யோசிக்கிற? பெத்த புள்ளைக்குத் தர மாட்டியா?”

அம்மா ஜெய்னபின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னைப் பெத்தவ யாருன்னு எனக்கே தெரியாதுப்பா.”