வலை போட்ட பாட்டில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சுகர் லேண்ட் வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்கள் அனைவரும் அறிய வேண்டியது: 2008 நவம்பரில் வான்கோழிக் கறிக்கு உகந்த ஒயின் ஸ்பெயின் நாட்டு ஒயினே என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும் ஒயின் கடைக்காரர். கேட்டுக்கொண்டு நிற்பவர் மாரிசாமி. பத்து மணி நேர ஆபீஸையும் ஒரு மணி நேர ஃப்ரீவேயையும் முடித்து வந்திருக்கிறார், வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. சனிக்கிழமை பாஸ் வீட்டில் வான்கோழி விருந்து, கையில் ஒயினோடு போக வேண்டும். கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த பாஸ்தான். கடைக்காரர் பொன்னிறக் கம்பிவலை சுற்றிய பாட்டில் ஒன்றை உற்சவரைத் தூக்குவதுபோல் இரு கையாலும் எடுத்து விளக்குக்கு நேரே சாய்க்கிறார். கம்பியின் மினுக்கல் மாரிசாமியின் களைத்த கண்ணில் குத்துகிறது. சட்டைப் பையில் செல்போன் அதிர்கிறது. மனைவி பவளம்.

“வாங்கிட்டீங்களா?”

“இதுல தோல் வாசம், புகையிலை வாசம், நனைஞ்ச மண்ணு வாசம் எல்லாம் வருமாம்.”

“உங்க ஷூவைக் கழட்டினாலே வருமே. பாட்டில் பாக்க எப்படி இருக்கு?”

“தங்கக் கம்பியில வலை போட்டிருக்கு.”

“அதே மாதிரி ஒண்ணு போன கிறிஸ்மஸ்ல இருந்து கராஜ்ல, டிடர்ஜென்ட் பக்கத்துல கிடக்குங்க. யாரோ கிஃப்ட் பண்ணது. அதையே துடைச்சு பேக் பண்ணிடறேன், நீங்க வீட்டுக்கு வாங்க.”

யார் கொடுத்தது என்று மாரிசாமி யோசிக்கப் பார்க்கிறார், கால் வலிக்கிறது. கடைக்காரரிடம் தலையசைத்துவிட்டுக் கதவை நோக்கி நடக்கிறார்.

கொடுத்தவர் பாஸ்.