கிரின்யாகா சாலையில் ஒரு தும்மல்

கிழட்டு மெக்கானிக் நான் ஒரு தும்மல் போட்டால், எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாய்களில் நைரோபியிலுள்ள மட்டமானவை அத்தனையும் தங்கள் குட்டைத் தாங்களே உடைத்துவிடும். உதிரிபாகக் கடைக்காரன் முரீதி சிரிக்கிறான். வேன் ஓட்டும் நெகேசா சிரிக்கவில்லை. போன வாரம் இங்கே வாங்கியது விரிசல் விட்டு, அவள் பிழைப்பே படுத்துக்கிடக்கிறது. முரீதி இன்னொரு மேனிஃபோல்டை எடுத்து நீட்ட, "இதையும் மாட்டிட்டு நடுரோட்ல நிக்கவா?" என்கிறாள். "பளபளன்னு இருக்கு பாரும்மா!" "உன் வழுக்கையும்தான் பளபளக்குது," என்கிறேன். வெயிலில் வெள்ளிப்பூச்சு கண்ணைக் குத்துகிறது. அதை வாங்கி, எஞ்சினோடு சேரும் நான்கு துளைகளையும் என் தொப்பையில் அழுத்தி அடைத்துக்கொண்டு, டர்போ பூட்டும் வாய்க்குள் மூக்கை நுழைக்கிறேன். உள்ளிருந்த தூசி சுருக்கென்று ஏறுகிறது. தும்முகிறேன், தெருவே குலுங்குகிறது. பற்றவைத்த மூட்டு வழியாகக் கரித்தூள் சீறி முரீதியின் முகத்தில் அப்புகிறது. "இப்ப என்ன சொல்றே?" என்கிறாள் நெகேசா. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். "ஓட்டைதான். பெரியவர் தும்மினாரு, காத்து வெளியே வந்துச்சு. நானே பாத்தேன்."