திரும்பி வரக் காரணம்

"திரும்பி வந்துருவீகன்னு விசா குடுக்கிறவிய நம்பணும். அம்புட்டுதான்" என்றார் சுயம்புலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாஸ்போர்ட், விசா வேலையெல்லாம் அவரிடம்தான். "நிலப் பத்திரத்தை எடுத்துக்கோங்க அண்ணாச்சி. மதினி, நகையெல்லாம் போட்டுக்கோங்க. சொத்து இருக்கவன்தான் ஊர் திரும்புவான்."

அமெரிக்காவில் படிக்கும் மகனைப் பார்த்து நாலு வருஷமாகியிருந்தது. தேவதானத்திலிருந்து பால்ச்சாமி பத்திரத்தோடும், மனைவி குருவம்மாள் கழுத்தும் கையும் நிறைய நகையோடும் மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள்.

அமெரிக்கத் தூதரகத்தில் விசா அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னார்.

"நிலத்தை வித்துட்டுக்கூடப் போகலாமேன்னு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரியின் பார்வை நகைக்குப் போனது.

"இதைக் கையோடயே கொண்டு போயிரலாம். அப்புறம் எதுக்காகத் திரும்பி வருவீங்கன்னு கேக்கிறார்."

குருவம்மாள் கழுத்தையும் கையையும் தொட்டுக் காட்டினாள்.

"இந்தச் சங்கிலி அடுத்த வீட்டு அழகுத்தாயுது. வளையல் எதிர் வீட்டு பாலம்மாளுது. அட்டியல் எங்க நாத்தனாவோடது. என்னுதுன்னு இதுல ஒண்ணுமில்ல சாமி. நான் திருப்பிக் குடுக்க வராட்டி, எங்க நாத்தனா அமெரிக்காவுக்கே தேடி வந்துருவா."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டார்.