குடும்பச் சலுகை

முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, காதை மூடிய குல்லா. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் மனநல ஆலோசனைக்கு வந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர் என்றுதான் சொல்வார்கள்.

வேறு வழியில்லை. அவர் ஊரறிந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர். கவலையைக் கழற்றி எறியுங்கள் என்று மேடை மேடையாக முழங்குகிறவர்.

அவருக்குத்தான் ஒரு மாதமாகத் தூக்கமில்லை. மைக்கைப் பிடித்தால் கை உதறுகிறது.

போன கூட்டத்தில் பேச்சின் நடுவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சுதாரித்து, "இதுதான் மௌனத்தின் வலிமை" என்று சமாளித்தார். அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் ஒரே பேச்சில் எத்தனை முறைதான் மௌனத்தின் வலிமையைக் காட்டுவது? நாளைக்கு ஒரு கல்லூரியில் ஒன்றரை மணி நேரம் பேசியாக வேண்டும்.

பெரிய மருத்துவர் ஒருவரிடம் விசாரித்தார். ஒரு தடவை உட்கார்ந்து பேச அவர் கேட்ட தொகை, இவர் ஒரு மேடைக்கு வாங்குவதைவிட அதிகம். கைகொடுக்கக் காப்பீடும் கிடையாது. வியாதி வரும் என்று நம்புகிறவனுக்குத்தான் காப்பீடு என்று மேடையில் அடித்துச் சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு போய் எடுப்பது?

அதனால்தான் சலவைக் கடை மாடியில் இருக்கும் இந்த மலிவுக் கட்டண நிலையம். இஸ்திரி ஆவி படிக்கட்டு வரைக்கும் ஏறி வந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் பெயரைப் பொய்யாகச் சொன்னார். கட்டணத்தைக் கேட்டார். மலிவுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? காய்கறிக் கடையில் நிற்கிறவர்போல, "கொஞ்சம் பார்த்துப் போடும்மா" என்றார்.

"அட்ரஸ் சொல்லுங்க சார், சலுகை ஏதாவது வருதான்னு பாக்கிறேன்."

சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் உண்மையான முகவரி தானாக வந்து விழுந்தது.

அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். அவளுடைய முகம் மலர்ந்தது.

"அட, குடும்பச் சலுகை இருக்கு சார்! ஒரே வீட்டுல ரெண்டாவது ஆள் வந்தா பாதிக் கட்டணம், மூணாவது ஆளுக்குக் கால்வாசி. நீங்க நாலாவது. உங்களுக்கு ஃப்ரீ!"

அவர் வீட்டில் மொத்தமே நாலு பேர்.

குல்லாவுக்குள் குப்பென்று வேர்த்தது. மனைவி. மகன். கடைக்குட்டி மகளுமா?

தினமும் காலையில் பல் துலக்கிய கையோடு மூவரையும் வரிசையாக நிறுத்தி, "நான் ஆனந்தமாக இருக்கிறேன்" என்று உரக்கச் சொல்ல வைப்பது அவர் வழக்கம். இன்றைக்குக்கூட, சத்தம் போதவில்லை என்று மனைவியை மறுபடி சொல்ல வைத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"பேரு ஏதாவது... தப்பா ஏறியிருக்குமோ?" என்றார். அது அவர் குரல்போலவே இல்லை.

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல அடங்கியது. முதல் முறையாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ... அந்த அப்பா நீங்கதானா சார்?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவசரமாக எழுந்து வந்து, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.