கரையை விட்டு அசையாத வள்ளம்

"உங்கள் வள்ளம் கரையை விட்டு அசையவே இல்லை. இந்த விளையாட்டை ஏற்க முடியாது."

இரண்டாவது கொன்சோல் கொம்பனியின் மின்னஞ்சலும் இதையேதான் சொன்னது. சப்ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கற்பிட்டியில், வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு அவனும் தங்கை நுஸ்லாவும் இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்த மீன்பிடி வீடியோ விளையாட்டு அது.

"ஆளையாள் கடிச்சுத் தின்னப் பாக்குற ரெண்டு கொம்பனி. எங்களை மறுக்க மட்டும் ஒண்டாச் சேந்திட்டானுகள்!"

கொன்சோலைப் போட்டான். வள்ளம் சீறிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. வெளியே கச்சான் காற்று. திரையிலும் அதே காற்று. அன்றன்றைய திகதிக்கு ஏற்பக் கடலும் மாறுவதுதான் அந்த விளையாட்டின் பெருமையே.

"பாரு, ஓடுது! அவனுகளுக்கு மட்டும் ஏன் ஓடல்ல?"

நுஸ்லா இரண்டு மின்னஞ்சல்களையும் மறுபடி வாசித்தாள். சோதித்த திகதிகளைக் கலண்டரில் தேடினாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானா, ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமைதான் பாத்திரிக்காங்க."

"அதுக்கென்ன?"

"அண்டைக்கு ஜும்ஆத் தொழுகை நாள் எண்டு நாம இந்த அறையையே திறக்கிறல்ல. அதான் நமக்குத் தெரியல்ல. வெள்ளிக்கிழமையில வள்ளம் போகாத மாதிரி நான்தான் எழுதி வெச்சேன்."

"அடியே! ஏன்டி அப்புடிச் செஞ்ச?"

"எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இரிக்கணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? வெள்ளிக்கிழமை நம்ம ஊர்ல எந்த வள்ளம் கடலுக்குப் போகுது?"