மாப்பிள்ளை கார்

கூலிம் தாண்டி இரண்டாவது மைலில் மாப்பிள்ளை கார் நின்றுவிட்டது.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. பட்டுத் தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை அழகேசன் ஒன்றில். மற்றதில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரின் சொந்தக்காரர் பெர்னார்ட். பாடாங் மேஹா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி.

பின்னால் வந்த லோரியும் நின்றது. அதில் சீர்வரிசைத் தட்டுகளோடு பெண்கள். முன்சீட்டில் மாப்பிள்ளையின் அப்பா ராமையா, அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். பக்கத்தில் தாய்மாமன் குழந்தைவேலு.

"போய்ப் பாரு. பீடோங்குல ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்கேல்ல," என்றார் ராமையா.

குழந்தைவேலு சந்தோஷமாகவே இறங்கினான். இத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் கைவரிசையைக் காட்ட எப்போது வாய்க்கும்?

கார் பழசு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் கிராணிக்கு விற்றுவிட்டுப் போனது. மகன் அதில்தான் பெண் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் ராமையா. ஒன்பது மணிக்குச் செர்டாங்கில் இருக்க வேண்டும், இறங்கும்போது மேளம் கொட்ட வேண்டும் என்பதும் அவர் கட்டளை. நிச்சயதார்த்தத்தன்று காப்பி வர ஐந்து நிமிடம் ஆனதற்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனுஷன்.

குழந்தைவேலு கார்பரேட்டர் மூடியைத் திறந்தான். பெட்ரோல் நிறைய இருந்தது. ஊதினான், துடைத்தான், மூடினான்.

"இப்ப அடிங்க கிராணி."

கார் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல, தூசிதான்," என்று லோரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினான்.

மூன்று மைலில் மறுபடி நின்றது.

இந்தத் தடவை பிளக்கைக் கழற்றி, வயரோடு இஞ்சின் மேல் வைத்துப் பார்த்தான். தீப்பொறி வரவில்லை.

"கரண்ட் குடுக்குற காயில் சூடாயிருச்சு. ஆறினாத்தான் ஓடும். தண்ணி இருக்கா?"

தண்ணீர் இல்லை. பன்னீர்ச் செம்புதான் இருந்தது. மாப்பிள்ளையின் தோளில் கிடந்த துண்டை உருவிப் பன்னீரில் நனைத்துக் காயிலைச் சுற்றினான்.

"மாமா, நான் எறங்கி நிக்கட்டுமா? வேர்க்குது," என்றான் அழகேசன்.

"நீ அசையாத. மாலை கசங்கிரும்."

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கார் கிளம்பியது. வழியெல்லாம் கல்யாண வாசனை.

செர்டாங்குக்கு இரண்டு மைல் இருக்கும்போது மூன்றாம் தடவை நின்றது.

குழந்தைவேலு ஓடிப்போய்க் காயிலைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டைத் தேய்த்தான். வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினான். பட்டுச் சட்டையெல்லாம் கிரீஸ். ஒன்றும் புரியவில்லை.

ராமையா லோரியிலிருந்து இறங்கி வந்தார்.

"மணி என்ன தெரியுமா? என்ன கிராணி, இப்படி ரோசாக் ஆன ஓட்டைக் காரையா கொண்டு வருவீங்க?"

"பழைய காருலா மண்டோர். கோவிச்சுக்கிட்டா இப்படித்தான்," என்று பெர்னார்ட் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ராமையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிராணியைத் திட்ட முடியாமல் மச்சினன் மேல் பாய்ந்தார்.

"நீ மெக்கானிக்கா, இல்ல சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவனா?"

லோரியில் பெண்கள் சிரித்தார்கள். குழந்தைவேலுவின் அக்காளும் சேர்ந்துதான் சிரித்தாள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

கார் தானாக மனம் வைத்துக் கிளம்பியபோது மணி பத்தடிக்கப் பத்து நிமிடம்.

பெண் வீட்டு வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா முருகையா கூப்பிய கையோடு, வியர்த்து வழிய நின்றிருந்தார். ராமையா இறங்கி நேராக அவரிடம் போனார்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி. உங்களை ரொம்ப நேரம் காக்க வச்சிட்டோம். தப்பு எங்க பக்கம்."

ராமையா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவர் மனைவியே அன்றுதான் கேட்டாள்.

பத்தரை முகூர்த்தத்தில் தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். குழந்தைவேலு மட்டும் உட்காரவில்லை. மரத்தடியில் நின்ற காருக்குள் தலைகீழாகக் கிடந்து ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில் விரல் எதிலோ தட்டியது. சின்ன சுவிட்ச். கார் திருடு போகாமல் இருக்க மேனேஜர் வைத்தது. அதைத் தட்டினால் இஞ்சின் நின்றுவிடும்.

நிமிர்ந்தான். பெர்னார்ட் நின்றிருந்தார்.

"நீங்களே நிறுத்தினீங்களா கிராணி? அத்தனை பேர் முன்னால என் மானமே போச்சு."

பெர்னார்ட் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"காலைல ஆபீசுக்குப் போன் வந்துச்சுண்ணே. பொண்ணோட அப்பா. பேச முடியாம அழுவுறாரு. கோலாலம்பூர் மேளக்காரங்க இந்தச் செர்டாங்குக்கு வராம, சிலாங்கூர்ல இருக்கிற இன்னொரு செர்டாங்குல போய் நின்னுக்கிட்டு, கல்யாண வீடு எங்கன்னு கேக்குறாங்களாம். நிபோங் திபால் கோயில்லேருந்து வேற மேளம் வந்து சேர எப்படியும் பத்து மணி ஆயிரும்னாரு. மேளம் இல்லாத வாசல்ல மண்டோர் இறங்கியிருப்பாரா?"

குழந்தைவேலு திரும்பினான். பந்தியிலிருந்து முருகையாவும் ராமையாவும் தோளோடு தோள் உரசிச் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தான்.

ராமையா வெற்றிலையைக் குதப்பியபடி கார் அருகே வந்து நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள்.

"என்ன, இப்பவாவது கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சியா, இல்லியா?"

குழந்தைவேலு சீட்டைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல மச்சான். எனக்குத் தெரியல. நல்ல மெக்கானிக் யாருகிட்டயாவது காட்டச் சொல்லுங்க."